மும்பையில் மலேரியா உயிரிழப்பு 145-இலிருந்து பூஜ்யம்: சரிவின் பின்னணியும் நீடிக்கும் சவாலும்

மும்பை: 2010-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மும்பை மாநகராட்சி மருத்துவமனைகள் மலேரியா நோயாளிகளால் நிரம்பி வழிந்தன. அவ்வாண்டு 76,755 பேர் பாதிக்கப்பட்டனர். 145 பேர் உயிரிழந்தனர் என்பது மாநகராட்சியின் கணக்கு. 2019-இல் பாதிப்பு சுமார் 4,300 ஆகக் குறைந்தது. உயிரிழப்பு எதுவும் பதிவாகவில்லை.

இந்தச் சரிவுக்குச் சிகிச்சை மட்டுமே காரணமா? 2010-இல் ஏறத்தாழ 530 நோயாளிகளில் ஒருவர் உயிரிழந்தார். அதே விகிதம் நீடித்திருந்தால், 2019-இல் எட்டுப் பேர் உயிரிழந்திருக்கக்கூடும். அதாவது, சரிவின் பெரும்பகுதி நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்ததால் விளைந்தது. எஞ்சிய சில உயிர்களைக் காத்தது விரைவான பரிசோதனையும் முறையான சிகிச்சையும் எனலாம்.

நல்ல நீரில் வளரும் கொசு

நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் 'அனோபிலஸ் ஸ்டீபென்சி' கொசு, சாக்கடையை விடத் தேங்கிய நல்ல நீரையே நாடுகிறது. 1911-இலேயே பம்பாய் மலேரியாவை ஆராய்ந்த மருத்துவர் சார்லஸ் பென்ட்லி, நகரின் கிணறுகளைக் கைகாட்டினார். இன்று அவற்றின் இடத்தில் மூடப்படாத மேல்நிலைத் தொட்டிகளும் கட்டுமானப் பணியிடங்களும் உள்ளன. கான்கிரீட் தளத்தின் மீது பாத்தி கட்டித் தேக்கும் நீர், மின்தூக்கிக் குழியில் தங்கும் மழைநீர் ஆகியவை கொசு முட்டையிடப் போதுமானவை.

முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான காலமே தேவை. எனவே வாரந்தோறும் நீரை வெளியேற்றினால் இச்சுழற்சி அறுபடும். மாநகராட்சியின் பூச்சிக்கொல்லித் துறை ஊழியர்கள் தொட்டிகளை ஆய்வு செய்வதும், கொசுப்புழு கண்டறியப்படும் கட்டடங்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதும் இதற்காகவே.

பாதியில் நிற்கும் சிகிச்சை

மும்பையில் காணப்படும் இருவகை மலேரியாவில், 'பால்சிபாரம்' விரைவாக உயிரைப் பறிக்கக்கூடியது. இதற்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகள் வழங்கப்படுகின்றன. 'வைவாக்ஸ்' கிருமியோ கல்லீரலில் உறங்கியிருந்து, மாதங்கள் கழித்தும் காய்ச்சலாகத் திரும்பும். இதைத் தடுக்க 14 நாள்கள் 'பிரிமாகுயின்' மாத்திரை உட்கொள்ள வேண்டும்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. காய்ச்சல் சில நாள்களில் தணிந்ததும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். பிற மாநிலங்களிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளி அடுத்த பணியிடத்துக்குச் சென்றுவிட்டால், சுகாதாரப் பணியாளர் அவரைத் தேடிக் கண்டறிவது கடினம். கிருமியும் அவருடனேயே இடம்பெயர்கிறது.

மீண்டும் உயரும் எண்ணிக்கை

2023-இல் மும்பையின் மலேரியா பாதிப்பு மீண்டும் 7,000-ஐக் கடந்தது. தனியார் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் கூடுதலாகத் தகவல் அளிப்பது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. இருப்பினும், தேங்கும் நீருக்குக் குறைவில்லாத, கட்டுமானப் பணி ஓயாத நகரில் இவ்வுயர்வை வெறும் பதிவு மாற்றமாக ஒதுக்கிவிட இயலாது.

2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது இந்தியாவின் தேசிய இலக்கு. உயிரிழப்பு குறைந்ததை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், வாராந்திர ஆய்வில் தளர்வு ஏற்படும் அபாயம் உண்டு. பாதிப்பு பெருகினால், தாமதமாக மருத்துவமனையை அடைவோரும் பெருகுவர். 145 உயிர்களைப் பறித்த ஆண்டின் படிப்பினை இதுவே.