கால்வாய்க் கரையில் சைக்கிள் டூர்: மேப் சொல்லாத தேதிகள்

லாங் வீக்கெண்ட் வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாகக் கிளம்பிவிட வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கும் வந்துவிட்டது. பெரும்பாலும் ஐரோப்பிய வீடியோக்களின் உபயம். மேடு பள்ளம் இல்லாத பாதை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரங்கள், லாரி ஹாரன் கிடையாது. "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க இருக்கு?" என்ற பெருமூச்சோடு வீடியோ முடியும்.

இருக்கு. ஆனால் யாரும் அதற்குப் பெயர்ப்பலகை வைக்கவில்லை.

முதலில் அந்த வீடியோ பாதைகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். பிரான்ஸின் கனால் து மிடி 1681-ல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 240 கி.மீ. குதிரைகள் கரையில் நடந்தபடி படகுகளைக் கயிறு கட்டி இழுத்தன. அதற்காகப் போட்டதுதான் கரைப்பாதை. குதிரையின் வேலை முடிந்தது, பாதை மிஞ்சியது, சைக்கிள் ஏறிக்கொண்டது.

நம்மிடமும் இதே கதை உண்டு, முடிவுதான் வேறு. சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி 1806-ல் தோண்டத் தொடங்கிய கால்வாய்தான் பின்னாளில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. இங்கே கரையில் நடந்து படகை இழுத்தது குதிரைகள் அல்ல, மனிதர்கள். பிறகு சாலையும் ரயிலும் வந்தன, படகுகள் குறைந்தன. சென்னை நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. அந்தக் கரையில் இன்று சைக்கிள் டூர் திட்டமிட முடியாது. ஒருமுறை கைவிட்ட கரை திரும்பக் கிடைப்பது கஷ்டம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

மிச்சம் இருப்பவை பாசனக் கால்வாய்களின் கரைகள். படகு இழுக்கப் போட்டவை அல்ல; அதிகாரிகளும் லஸ்கர்களும் மதகுகளைப் பார்வையிடப் போட்டவை. இவற்றில் நீண்ட பயணத்துக்குப் பொருத்தமானது கல்லணைக் கால்வாய். தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது 'புது ஆறு'. மேட்டூர் அணை வந்த 1934-ல் பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 148 கி.மீ. ஓடி, தஞ்சாவூரைத் தாண்டி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளுக்குப் பாய்ந்து புதுக்கோட்டை மாவட்டம் வரை போகிறது. மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் சரிவு மிக மிக மெதுவாக இருக்கும். முழங்காலுக்கு இது நல்ல செய்தி. ஒரு நாளைக்கு 40 கி.மீ. என்று வைத்தால் நான்கு நாள் பயணம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சாட்டிலைட் மேப்பில் கரை ஒரே கோடாகத் தெரியும். தரையில் அது ஒரு பாலத்தில் அறுந்து எதிர்க்கரைக்குத் தாவும், கருவேல முள்ளுக்குள் காணாமல் போகும். பஞ்சர் கிட் இரண்டாகவே இருக்கட்டும். அதைவிட முக்கியம், தேதி. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட்டு ஜனவரி 28-ல் மூடப்படும். நீர் இருப்பைப் பொறுத்து இது மாறும். அணை மூடிய பிறகு போனால் வறண்ட பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு மிதிக்கலாம். மராமத்து லாரிகளும் கூடவே வரும். அக்டோபர், நவம்பரில் போனால் வடகிழக்குப் பருவமழையில் கரை சேறாகி, மட்கார்டுக்குள் மண் அடைத்து சக்கரமே சுற்றாது. டிசம்பர் கடைசியிலிருந்து பொங்கல் முடிய, அந்தச் சில வாரம்தான் சரியான நேரம்.

148 கி.மீ. பயமாக இருந்தால் சின்னதாகத் தொடங்கலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆட்களுக்கு வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டி இருக்கிறது. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் தண்ணீரால் நிறையும் கண்மாய்கள் இந்தப் பகுதியில்தான். மழை முடிந்து கண்மாய் பெருகி நிற்கும் அதே டிசம்பர், ஜனவரியில் கரை ஏறினால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. ஒரே எச்சரிக்கை: மலையடிவாரம் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டியது. தோப்புகளுக்கு யானை இறங்கும். இருட்டும் முன் ஊருக்குள் வந்துவிட வேண்டும்.

இப்போதைய சிக்கல், இந்தக் கரைகள் பொதுச் சாலை அல்ல, நீர்வளத் துறையின் பராமரிப்புப் பாதை. போகலாம் என்றும் யாரும் சொல்வதில்லை, கூடாது என்றும் சொல்வதில்லை. கல்லணைக் கால்வாயை நவீனப்படுத்தும் ரூ.2,640 கோடி திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கான்கிரீட் தளம் போட்டால் நிலத்தடி நீர் குறையும் என்ற விவசாயிகளின் கவலை தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். ஆனால் இவ்வளவு பெரிய வேலை நடக்கும்போதே ஒரு கரையை நடக்கவும் சைக்கிளுக்கும் என்று அறிவித்து, கிலோமீட்டர் கல்லும் பாலத்தின் பெயரும் எழுதி வைப்பது பெரிய செலவு இல்லை. ஆள் நடமாட்டம் உள்ள கரையில் குப்பை கொட்டவும் ஆக்கிரமிக்கவும் தயங்குவார்கள்.

"நீங்க வந்தா பாட்டிலும் ரீல்ஸும்தானே வரும்?" என்று விவசாயி கேட்டால் அது நியாயமான கேள்வி. காரும் புல்லட்டும் நுழைய முடியாதபடி குறுக்கே கல் நட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் டிராக்டரும் வைக்கோல் வண்டியும் போக வேண்டிய இடத்தில் கல் நடக் கூடாது. அதனால் எந்தக் கரை, எந்தெந்த இடம் என்பதை அந்தந்த ஊர்ப் பாசனதாரர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அறுவடை நேரத்தில் எதிரே மாடு வந்தால் இறங்கி நிற்க வேண்டியது சைக்கிள்காரர்தான்.