நாமினி வாரிசு அல்ல, அமானிதம் சுமப்பவர்!

 

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்கள், ஏரியையும் காபித் தோட்டங்களையும் பார்த்துவிட்டு இறங்கி விடுகிறார்கள். அந்தச் சேர்வராயன் மலையிலேயே பிறந்து, மிளகும் காபியும் விற்று, கடைத்தெருவில் சிறு கடை நடத்திப் பிழைக்கிற நம் மக்களின் வீட்டுக் கவலை அவர்கள் கண்ணில் படுவதில்லை. அப்படி ஒரு வீட்டுக் கவலையைத்தான் இந்த இதழில் உங்கள் முன் வைக்கிறோம். ஏனென்றால், அது நாளை உங்கள் வீட்டுக் கவலையாகவும் ஆகலாம்.

அந்த மலையில் ஒரு சிறு வியாபாரி வபாத்தானார். மனைவி, இரண்டு பெண் மக்கள், வயதான தாய், ஒரு தம்பி. கூட்டுறவு வங்கி ஒன்றில் பங்குத் தொகையும் வைப்புத் தொகையுமாக அவருக்கு ரூ.72,000 இருந்தது. அவர் அங்கே உறுப்பினராகச் சேர்ந்தபோது திருமணம் ஆகவில்லை. 'நாமினி' என்ற கட்டத்தில் தம்பியின் பெயரை எழுதினார். பிறகு நிக்காஹ் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், கடை வளர்ந்தது. அந்தக் கட்டம் மட்டும் மாறவே இல்லை!

இத்தா முடிந்து அந்தச் சகோதரி வங்கிப் படியேறியபோது, பணம் ஏற்கெனவே நாமினிக்குக் கொடுக்கப்பட்டு விட்டதாகச் சொன்னார்கள். விஷயம் நம்மிடம் வந்தது. தம்பியை அழைத்துக் கேட்டோம். "பேங்க்ல என் பேர்தானே ஹஜ்ரத் இருக்கு? அண்ணன் எனக்குன்னு எழுதி வச்சதுதானே?" என்றார்.

அவரைத் திருடர் என்று சொல்லி விடாதீர்கள். பள்ளியில் முதல் ஸஃப்பில் நிற்பவர் அவர். நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நம்பிக் கொண்டிருப்பதைத்தான் அவரும் நம்பினார். நாமினி என்றால் சொத்துக்கு உரியவர் என்ற இந்தத் தவறான எண்ணம், எத்தனை விதவைகளின் கையை வெறுங்கையாக்கி விட்டது!

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? 2016-ல் இந்திராணி வாஹி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மேற்கு வங்கத்தில் ஒரு கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தின் உறுப்பினர், தம் மகளை நாமினியாக நியமித்துவிட்டு இறந்து போனார். பங்கை அந்த மகளின் பெயருக்கு மாற்றித்தர வேண்டியது சங்கத்தின் கடமை என்றது நீதிமன்றம். ஆனால் அதே தீர்ப்பில், மற்ற வாரிசுகள் தங்கள் வாரிசுரிமையைச் சட்டப்படி கேட்டு வழக்காடத் தடையில்லை என்றும் சொல்லி வைத்தது. 2023 டிசம்பரில் கம்பெனிப் பங்குகள் பற்றிய இன்னொரு வழக்கில், நியமனம் என்பது வாரிசுரிமைச் சட்டத்தை மீறிப் போகாது. நாமினி முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

அதாவது, வங்கிக்கு யாரிடம் கொடுப்பது என்று ஒரு கை தேவை. அந்தக் கைதான் நாமினி. கை வாங்கிய பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை வாரிசுச் சட்டம் தீர்மானிக்கும். நமக்கு அந்தச் சட்டம் எது? 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி, நம் மார்க்கம் வகுத்த பாகப்பிரிவினைதான்.

மார்க்கம் இதை எவ்வளவு அழகாக வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது! முதலில் கஃபன், அடக்கச் செலவு. அடுத்து மய்யித்தின் கடன். கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான் என்பதை ஆண்கள் நினைவில் வையுங்கள்! அதன் பிறகு, வஸிய்யத் இருந்தால் மீதியில் மூன்றில் ஒரு பங்குக்குள். அதற்கும் பிறகுதான் வாரிசுகள்.

கடன் ஏதும் இல்லாத அந்தக் குடும்பத்தின் கணக்கை ஒரு தாளில் எழுதி அந்தத் தம்பியிடம் காட்டினோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, ரூ.9,000. தாய்க்கு ஆறில் ஒன்று, ரூ.12,000. இரண்டு பெண் மக்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, ஆளுக்கு ரூ.24,000. மீதம் ரூ.3,000. அது தம்பிக்கு. எழுபத்தி இரண்டாயிரத்தில் மூவாயிரம்தான் அவருடைய ஹக்கு! மற்ற அறுபத்து ஒன்பதாயிரமும் பிறருடைய அமானிதம். அதில் நாற்பத்து எட்டாயிரம் எத்தீம் பிள்ளைகளுடையது. எத்தீமின் பொருளை அநியாயமாக உண்பது வயிற்றில் நெருப்பை நிரப்புவது என்று எச்சரிக்கும் மார்க்கத்தில் இருந்து கொண்டு, "என் பேர்தானே இருக்கு" என்று நாம் சொல்ல முடியுமா?

சகோதரர்களே! கூட்டுறவுப் பங்கு பற்றி இன்னொரு விஷயம். நம்மில் பலருக்குத் தங்களிடம் பங்கு இருப்பதே தெரியாது! கடன் கொடுக்கும்போது அதில் ஒரு சிறு பகுதியைப் பங்குத் தொகையாகச் சங்கம் பிடித்துக் கொள்கிறது. கடன் தீர்ந்தாலும் பங்கு அப்படியே நிற்கிறது. உறுப்பினர் இறந்தால் அது நாமினியின் பெயருக்கு மாறும்; நாமினி இல்லையென்றால் வாரிசின் பெயருக்கு மாறும். அவர் உறுப்பினராகச் சேரத் தகுதியில்லாதவர், அல்லது விரும்பவில்லை என்றால் பங்கின் மதிப்பைப் பணமாகத் திருப்பித் தர வேண்டும். இறந்தவர் சங்கத்துக்குக் கடன் பாக்கி வைத்திருந்தால் அதைக் கழித்துக் கொள்வார்கள்.

வைப்புத் தொகைக்கு வழி இன்னும் எளிது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி நியமிக்கலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். நாமினி இருக்கும் கணக்குக்குக் கோர்ட்டின் வாரிசுரிமைச் சான்று கேட்டு அலைக்கழிக்கக் கூடாது. எல்லா ஆவணங்களும் வந்த பதினைந்து நாட்களுக்குள் பணத்தைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் விதி வகுத்து, அதை நடைமுறைப்படுத்த 2026 மார்ச் 31 வரை வங்கிகளுக்குக் கெடு கொடுத்தது. நாமினி இல்லாவிட்டாலும், கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை எளிய முறையில் தீர்க்க அதில் வழி இருக்கிறது. ஆனால் இது வங்கிகளுக்குத்தான். கிராமத்துக் கடன் சங்கங்கள் இதற்குள் வரமாட்டா. அவற்றுக்குக் கூட்டுறவுச் சட்டமும் சங்கத்தின் துணை விதிகளும்தான்.

வட்டியின் பெயரைச் சொல்லி, "அந்தப் பணமே வேண்டாம்" என்று ஒதுங்கிவிடும் பேணுதலான குடும்பங்களும் உண்டு. வட்டி கூடாது என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. அதை ஆலிம்களிடம் கேட்டு ஒதுக்கி விடுங்கள். ஆனால் அசல், உங்கள் தகப்பனார் வியர்வை சிந்திச் சேர்த்தது. அதை விட்டுக் கொடுப்பது பேணுதல் அல்ல. எத்தீம்களுக்கு இழைக்கும் அநியாயம்!

ஆகவே உங்களிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை. இந்த வாரமே உங்கள் பாஸ் புத்தகத்தையும் பங்குச் சான்றையும் எடுங்கள். நாமினி யார் என்று பாருங்கள். திருமணத்துக்கு முன் எழுதியதாக இருந்தால் மாற்றுங்கள். எங்கே, எந்த எண்ணில் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன் என்று ஒரு தாளில் எழுதி, மனைவியிடம் கொடுத்து வையுங்கள்.

மஹல்லா ஜமாஅத்துகளே! ஒரு மய்யித்தை அடக்கிவிட்டு கலைந்து போவதோடு நம் கடமை முடியவில்லை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய உதவுங்கள். வாரிசுச் சான்றுக்கு தாலுகா அலுவலகத்துக்கும், இ-சேவை மையத்துக்கும் அந்தக் குடும்பத்தோடு ஒருவரை அனுப்புங்கள். நாமினியையும் வாரிசுகளையும் ஒன்றாக உட்கார வைத்து, ஓர் ஆலிமைக் கொண்டு பாகத்தைக் கணக்கிட்டு எழுதிக் கொடுங்கள். இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணை மலையிலிருந்து சேலத்துக்கும், சேலத்திலிருந்து மலைக்கும் அலைய விடுவது சமுதாயத்துக்கு அழகா?

அந்தத் தம்பி என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? தாளை நீண்ட நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். மறுநாள் அஸருக்குப் பிறகு பணத்தோடு வந்தார். தாயின் பங்கைத் தாயிடமும், அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் உரியதை அண்ணியிடமும் எண்ணிக் கொடுத்தார். தனக்குரிய மூவாயிரத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டார். அது அவருடைய ஹக்கு, நாம் தடுக்கவில்லை.

"இப்பதான் ஹஜ்ரத் நெஞ்சு லேசாச்சு" என்றார்.

உங்கள் பெயர் யாருடைய கணக்கிலாவது நாமினியாக இருக்கிறதா? அந்தக் கணக்கைப் பற்றி மறுமையில் கேட்கப்படும் கேள்விக்கு இப்போதே பதிலைத் தயார் செய்து கொள்ளுங்கள்.