தண்ணீர் தடுப்புச் சுவர் அல்ல

வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பியதும் நம் கிளப்புகளில் ஒரு கேள்வி எழும். ஏர் ரைஃபிள் பழகச் சேர்ந்து இரண்டு மூன்று மாதமான பையன் கேட்பான், சில சமயம் அவனுடைய அப்பாவே கேட்பார்: “லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கிதானே சார், ஊர் ஏரியில வச்சுச் சுட்டுப் பழகலாமா?” பறவையைச் சுடப்போவதாக யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மிதக்கும் பாட்டில், தேங்காய் மட்டை என்றுதான் ஆரம்பிக்கும். “அதெல்லாம் வேண்டாம்பா” என்று நம்மில் பலர் முடித்துவிடுகிறோம். காரணம் சொல்லாமல் போடும் தடை ரேஞ்சின் கேட்டோடு நின்றுவிடும். வெளியே வந்தபின் பையன் தன் இஷ்டப்படிதான் நடப்பான்.

முதலில் பாதுகாப்பு. குண்டைத் தண்ணீர் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கை அனுபவசாலிகளிடம்கூட இருக்கிறது. செங்குத்தாகச் சுட்டால் விழுங்கும். சாய்வாகச் சுட்டால் என்ன ஆகும் என்பது குளத்தில் ஓட்டாஞ்சில்லு தத்தவிட்ட எல்லோருக்கும் தெரியும். கோள வடிவக் குண்டு எவ்வளவு சாய்வாகப் பட்டால் தண்ணீரிலிருந்து எகிறும் என்பதற்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ஒரு கணக்கு வந்துவிட்டது. 18ஐக் குண்டின் ஒப்படர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது எல்லைக் கோணம். ஈயத்தின் ஒப்படர்த்தி 11.3. ஆக, எல்லை சுமார் 5.4 டிகிரி.

இதை ஏரிக்கரையில் வைத்துப் பாருங்கள். நீரோரம் நின்று சுடுபவரின் குழல்முனை தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். தண்ணீரில் 16 மீட்டருக்கு அப்பால் எதைக் குறிவைத்தாலும் கோணம் அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். மூன்று மீட்டர் உயரக் கரைமேல் ஏறி நின்றால் எல்லை 48 மீட்டருக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். எந்த நாமக்கோழி 16 மீட்டருக்குள் வந்து நின்று கொடுக்கும்? நாம் போடும் பெல்லட் கோளமல்ல, இடுப்பு ஒடுங்கியது. மென்மையான ஈயமாதலால் பட்டதும் நசுங்கும். அதனால் இந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது. ஆனால் நசுங்கிய பெல்லட் எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் யாராலும் சொல்ல முடியாது. சாதாரண .177 துப்பாக்கியின் கையேட்டிலேயே 400 கஜம் வரை அபாயம் என்று பல தயாரிப்பாளர்கள் அச்சிடுகிறார்கள். நம் ஏரிகளில் அந்த தூரத்துக்குள் துணி துவைப்பவர் இருப்பார், மாடு குளிப்பாட்டுபவர் இருப்பார், மதகடியில் தூண்டில் போடும் சிறுவர்கள் இருப்பார்கள்.

அடுத்தது சட்டம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் .177 அங்குலத்தையும் குழல்முனை ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. இது வைத்திருப்பதற்கான விலக்கு. எங்கே, எதைச் சுடலாம் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அந்த 20 ஜூல் அற்பமும் அல்ல. அரை கிராம் பெல்லட்டை நொடிக்கு 270 மீட்டருக்கு மேல் தள்ளும்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டைக்கான விளக்கத்தைப் பயிற்சியாளர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும், அதற்கான முயற்சியும் வேட்டைதான். “குறி தப்பிவிட்டது சார்” என்பது அங்கே எடுபடாது. 2022 திருத்தத்துக்குப் பின் பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். முதல் அட்டவணைப் பறவையானால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. துப்பாக்கியும் பறிமுதலாகும். பாட்டிலைத்தான் சுட்டேன் என்பவரும் தப்பிவிட முடியாது. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளையும்படி அசட்டையாக நடப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, சரணாலயத்தின் எல்லை. வேடந்தாங்கல் என்றால் ஏரியும் கரையும் மட்டும் என்று நினைக்கிறோம். 1998இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை விரிகிறது. ஊர்களும் வயல்களும் அதற்குள் அடக்கம். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். ஏர் ரைஃபிளுக்குத் தனிச் சலுகை இல்லை. வேடந்தாங்கலுக்குத் துப்பாக்கி புதிதும் அல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் திரண்டு கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு உரிமையை எழுதி வாங்கினார்கள்.

மூன்றாவது, பறவைகளுக்கு நஞ்சாகும் ஈயம். அதைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் அளவோடு பேசுவது நல்லது. அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் தடுத்தது. இரண்டுமே ரவைத் துப்பாக்கிக்கானவை. அதன் ஒரு தோட்டாவில் 200க்கும் மேற்பட்ட ரவைகள் சிதறும். நம்முடையது ஒரு முறைக்கு ஒன்றுதான். ஆனால் பழகுபவன் ஒரே இடத்தில் நின்றுதான் சுடுவான். 500 பெல்லட் கொண்ட ஒரு டப்பா தீர்ந்தால் கால் கிலோ ஈயம் கரையோரச் சேற்றில் கிடக்கும். வாத்தும் சிறகியும் இரை தேடுவது அந்த ஆழமில்லாத சேற்றில்தான். பல் இல்லாத பறவை இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். கல்லுக்கும் பெல்லட்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே போன ஈயம் அரைபட்டு அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் ஏறும். சிறகு தொங்கும், பறக்க முடியாது, இரை கீழே இறங்காமல் பட்டினியில் சாகும். குண்டடி பட்டு உடனே சாகாமல் கோரைக்குள் ஒதுங்கும் பறவையின் கணக்கு வேறு.

ஈயமில்லாத பெல்லட் போட்டால் என்ன என்று கேட்பார்கள். வெள்ளீயத்தின் ஒப்படர்த்தி 7.3. அதே கணக்கில் எல்லைக் கோணம் 6.7 டிகிரிக்கு உயரும். நீரோரம் நிற்பவருக்கு 13 மீட்டரிலிருந்தே எகிறல் ஆரம்பம். பறவைக்கு நல்லது, மறுகரையில் இருப்பவருக்குக் கெட்டது. தண்ணீர்மேல் சுடுவதைத் திருத்திச் சரிசெய்ய வழியில்லை, விட்டுவிடத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. பத்து மீட்டர் ரேஞ்சில் பெல்லட் இரும்புப் பெட்டிக்குள் விழுகிறது; அள்ளி எடைக்குப் போடலாம்.

கிளப் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கைப் படிவத்தில் “நீர்நிலையின் மீதோ நீர்நிலையை நோக்கியோ சுடமாட்டேன்” என்று ஒரு வரி சேர்த்து, மாணவரோடு பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மீறினால் உறுப்பினர் பதவி போகும் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். அடுத்த மழைக்கு முன் இது நடக்கட்டும்.