சாமிக்கு வைக்கிற பூ

தொண்டை கட்டினால் அறிவிப்பாளர் பிழைப்பு நாறிவிடும். போன வாரம் என் கதை அதுதான். ஈப்போ பழைய நகரில் ஒரு சீன மூலிகைக் கடைக்காரர், நான் வாயைத் திறந்ததுமே கிண்ணத்தை நீட்டினார். உள்ளே மிதந்தது செவ்வந்தி!

எங்கள் வீட்டில் அது சாமிக்கு வைக்கிற பூ. தயங்கித்தான் உறிஞ்சினேன். முதலில் காய்ந்த புல் வாசம், பிறகு மெல்லிய கசப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஓர் இனிப்பு. உடல் சூட்டைத் தணிக்குமாம். தொண்டை என்னவோ அப்படியேதான் இருந்தது.

ஒரு பொட்டலம் வாங்கி, சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மாவிடம் கொடுத்தேன். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். அம்மாவும் அதில் ஒருவர். ஆனாலும் பால்மரம் சீவிய காலத்து டின்பால் தேத்தண்ணியை விடமாட்டார்.

"பூவைக் குடிச்சா சாமி கண்ணைக் குத்தாதாடா?" என்றபடி சீனி டப்பாவைத் தேடினார். அதை நான் ஏற்கெனவே ஒளித்துவிட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடித்தார்.

(பெட்டியில் விற்கும் செவ்வந்தித் தேநீர் வேறு சமாச்சாரம். பெரும்பாலும் சீனி கலந்தது. பார்த்து வாங்குங்கள்.)

நேற்று அழைத்தார். "அந்தப் பூ தீந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வா. ஆமா, சீனி டப்பாவை எங்கடா வச்ச?"