ஃபெவிக்விக் மட்டும் போதுமா?

பொம்மிடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஜோலார்பேட்டை - சேலம் பாதையில் மொரப்பூரைத் தாண்டி வரும் வண்டிகளில் பல, நிற்காமலேயே தூசியைக் கிளப்பிவிட்டுப் போய்விடும். அந்த இன்ஜின்களைப் பார்த்து வளரும் பையன்களில் ஒருவனுக்கு அதைச் சின்னதாக வீட்டில் செய்து பார்க்கும் ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து உடம்பைத் தயார் செய்துவிடுவான். வம்பு ஆரம்பிப்பது கடைசியில்தான். கதவோரக் கைப்பிடிக் கம்பி, கூரை மேலே பாண்டோகிராஃப், முன்னால் கப்ளிங் கொக்கி... எல்லாமே உலோகம், எல்லாமே பொடிசு.

கடையில் போய்க் கேட்டால் ஒரே பதில்தான். "ஃபெவிக்விக் வாங்கிட்டுப் போ தம்பி, அஞ்சு செகண்டுல ஒட்டிக்கும்."

ஒட்டத்தான் செய்யும். ஆனால் மறுநாள் பள்ளிக் கண்காட்சி மேஜைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிக் கம்பிகள் டவுன் பஸ்ஸிலேயே உதிர்ந்திருக்கும். ஜன்னல் 'கண்ணாடி' வேறு பனி படிந்த மாதிரி வெளுத்திருக்கும். பையன் என்ன நினைப்பான்? "எனக்குக் கை வராது." அவ்வளவுதான், இன்ஜின் பரணுக்குப் போய்விடும்.

அவன் கையில் ஒரு தப்பும் இல்லை. கடையில் கேட்ட கேள்விதான் தப்பு. "எது ஸ்ட்ராங்கான பசை?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "ஒட்டின பிறகு இந்தத் துண்டு என்ன பாடு படப்போகிறது?" என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் அளவைப் பாருங்கள். ரயில் மாடல்களில் உலகம் முழுக்கப் பிரபலமான எச்.ஓ. அளவு என்பது 1:87. நம் பாதையில் ஓடும் டபிள்யூ.ஏ.பி.-7 இன்ஜின் நிஜத்தில் சுமார் இருபதரை மீட்டர் நீளம், மாடலில் சுமார் 23.6 செ.மீ.தான். வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒயரைச் சீவினால் உள்ளே மெல்லிய செம்பு இழைகள் இருக்குமே, அதில் 0.3 மி.மீ. இழை ஒன்றை எடுத்தால் நிஜத்தில் 26 மி.மீ. கம்பிக்குச் சமம். அச்சு அசல் கைப்பிடிக் கம்பி! ஆனால் அந்த இழையின் நுனி ஒரு பிளாஸ்டிக் சுவரைத் தொடும் இடம் எவ்வளவு? ஊசிமுனை அளவு. அவ்வளவு சின்ன இடத்தில் எந்தப் பசையாக இருந்தாலும் தடுமாறத்தான் செய்யும்.

ஃபெவிக்விக்கின் சரக்கு சயனோஅக்ரிலேட். 1942-ல் அமெரிக்காவின் கோடாக் கம்பெனியில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிபார்வைக்கு நல்ல பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதே என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1951-ல் அதன் அருமை புரிந்து, 1958-ல் கடைக்கு வந்தது. காற்றிலும் பரப்பிலும் இருக்கும் துளி ஈரம் பட்டால் போதும், சட்டென்று இறுகிவிடும். இழுத்தால் தாங்கும். ஆனால் இறுகிய படலம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணம் கொண்டது. தட்டினாலோ, ஓரத்திலிருந்து நெம்பினாலோ விட்டுவிடும். இடைவெளியையும் சரியாக நிரப்பாது. அதன் ஆவிதான் பக்கத்தில் படிந்து ஜன்னலை வெளுக்க வைக்கிறது.

அரால்டைட் வேறு ஜாதி. இது எபாக்சி. இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு பிதுக்கி, நன்றாகக் கலந்து, ஒட்டி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட வேண்டும். இடைவெளி இருந்தால் நிரப்பும். உலோகத்தைக் கெட்டியாகப் பிடிக்கும். அடி பட்டாலும் ஓரளவு தாங்கும். மெதுவாக இறுகுவது குறை மாதிரி தெரியும். ஆனால் கோணலாக வைத்த கொக்கியை நேராக்க நேரம் கிடைக்கிறதே, அதை ஃபெவிக்விக் கொடுக்காது.

ஃபெவிகால்? அதில் இருக்கும் தண்ணீர் வெளியேறினால்தான் அது காயும். மரமும் அட்டையும் தண்ணீரை உறிஞ்சும், உலோகம் உறிஞ்சாது. அதனால் பாரம் தாங்கும் வேலைக்கு ஆகாது. ஆனால் யாரும் தொடாத ஜன்னல் சட்டத்தை வெளுக்காமல் ஒட்ட அதுதான் நல்லது. பிளாஸ்டிக் மாடல் கிட்களுக்கு விற்கும் சிமென்ட், பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் வகை. உலோகத்திடம் அதன் ஜம்பம் பலிக்காது.

2020-ல் அரால்டைட்டின் இந்தியத் தொழிலை பிடிலைட் கம்பெனி வாங்கிவிட்டது. ஃபெவிகாலும் ஃபெவிக்விக்கும் ஏற்கனவே அவர்களுடையதுதான். ஒரே கம்பெனி மூன்று பசையையும் தனித்தனியாக விற்கிறது என்றால், மூன்றுக்கும் வேலை வேறு வேறு என்றுதானே அர்த்தம்? விற்கிறவருக்குத் தெரிந்த விஷயம் வாங்குகிறவருக்கும் தெரிய வேண்டாமா?

சரி, எதற்கு எது? கை படும் துண்டு, அதாவது கைப்பிடி, கொக்கி: எபாக்சி. பெயருக்கு உட்கார்ந்திருக்கும் துண்டு, அதாவது பெயர்ப்பலகை, கூரை மேல் சின்ன மூடி: ஃபெவிக்விக். கண்ணாடிப் பக்கம்: ஃபெவிகால். பித்தளையும் பித்தளையும், செம்பும் செம்பும் சேரும் பாண்டோகிராஃப் மாதிரி இடங்களில் பசையே வேண்டாம். ஈயப்பற்று வைப்பதுதான் முறை. டி.வி., ரேடியோ ரிப்பேர் கடையில் பார்க்கும் அதே சால்டரிங்தான்.

ஆனால் பசையைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். நகை செய்யும் பத்தரைக் கவனித்துப் பாருங்கள். பற்றவைக்கும் முன் அந்த இடத்தைச் சுத்தம் செய்வார், வெங்காரம் தடவுவார், பிறகுதான் நெருப்பு. மாடலுக்கும் அதே நியாயம். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போதும், எந்தப் பசையையும் கெடுத்துவிடும். நைசான எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, அதற்கப்புறம் ட்வீசரால் மட்டும் தொட வேண்டும். பழைய மோட்டார் காயில் கம்பி என்றால் மேலே எனாமல் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டியாக வேண்டும்.

அடுத்து, துளை. சுவரில் கம்பி நுழையும் அளவு ஒரு குட்டித் துளை போட்டு, கம்பியை மடக்கி உள்ளே செருகி, பின்பக்கம் ஒரு பொட்டு எபாக்சி வையுங்கள். இப்போது பாரத்தைத் தாங்குவது துளை. பசைக்குப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான். ஃபெவிக்விக் என்றாலும் டியூபை நேராக வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு விட்டு, குண்டூசி முனையால் தொட்டு வைத்தால் இடுக்கில் தானே இறங்கிக்கொள்ளும்.

"அஞ்சு நிமிஷ வேலைக்கு ஒரு ராத்திரியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உதிர்ந்த கம்பியைத் தேடி, காய்ந்த பசையைச் சுரண்டி, பெயின்டைத் திரும்ப அடிக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். டியூபின் விலை வேறு, ஒட்டுவதற்கான செலவு வேறு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சயனோஅக்ரிலேட் பஞ்சில், பருத்தித் துணியில் நிறையப் பட்டால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். அதனால் பஞ்சால் துடைக்காதீர்கள். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள். கண்ணில் பட்டால் எதையும் இழுக்காமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும். எபாக்சி சிலருக்குத் தோல் அலர்ஜி தரும், கையுறை நல்லது. இதையெல்லாம் சொல்லாமல் ஒரு சின்னப் பையன் கையில் டியூபைக் கொடுப்பது சரியில்லை.

அடுத்த முறை ஒரு பையன் "இன்ஜின் கம்பி ஒட்ட என்ன வாங்கலாம்?" என்று கேட்டால், பசையின் பெயரைச் சொல்லும் முன் "எந்தக் கம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு இன்ஜினாவது பரணுக்குப் போகாமல் இருக்கும்.