பறக்க ஆசைப்பட்ட மாணவருக்கு நான் சொன்ன அவசர பதில்



என்னிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஷார்ஜாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், பாராமோட்டார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன். மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார். பாராமோட்டார் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. முதுகில் ஓர் எந்திரத்தைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே துணி இறக்கையை விரித்து, ஓடி மேலெழும்பிப் பறப்பது என்று அவரே விளக்கினார். அல்பகரா அத்தியாயத்தில் நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்று வரும் கட்டளையை நினைவூட்டி, "கூடாது தம்பி, உம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஒரு பொருளின் உண்மை நிலையை விளங்காமல் அதற்குச் சட்டம் சொல்லலாகாது என்பது நாங்கள் மாணவர்களுக்கு நடத்தும் பாடம். நான் முஃப்தியும் அல்லன். மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஓர் ஆசிரியன். ஆயினும் அன்று என் நாவு என் அறிவை முந்திக்கொண்டது.

அடுத்த ஆண்டு விடுமுறையில் அவர் ஊருக்கு வந்தபோது வலக்கையில் கட்டு இருந்தது. ஊரைவிட்டுச் செல்லும் ஒருவரிடமிருந்து பழைய எந்திரம் ஒன்றை வாங்கி, காணொளிகளைப் பார்த்துத் தாமாகவே கற்க முனைந்திருக்கிறார். பாலைவெளியில் எந்திரத்தைத் தரையில் வைத்து, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முடுக்கியபோது, திராட்டில் கம்பி சிக்கி எந்திரம் முழு வேகத்தில் சீறியது. சட்டம் முன்னால் பாய்ந்தது. பிடித்திருந்த கை கூண்டு வலையைக் கிழித்துக்கொண்டு புரொப்பெல்லருக்குள் போய்விட்டது. இரு விரல்களின் நுனிகள் போயின. மூன்றாவது விரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. தஸ்பீஹ் எண்ணும்போது அந்த விரலுக்கு வந்ததும் அவர் சற்றே நிற்பதை நான் கண்டிருக்கிறேன். இவ்வளவும் தரையில் நடந்தது. அவர் ஓரடிகூட மேலெழும்பவில்லை.

"ஏன் ஒரு பயிற்சியாளரிடம் போகவில்லை?" என்று கேட்டேன். அவர் தலைகுனிந்து சொன்ன பதில் என்னைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை: "நீங்கள் கூடாது என்றீர்கள் ஹஜ்ரத். பிறகு யாரிடமும் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. உம்மாவுக்கும் தெரியாமல் செய்தேன்."

என் பதில் அவருடைய ஆசையைத் தடுக்கவில்லை. அந்த ஆசைக்கும் ஆபத்துக்கும் நடுவே நிற்க வேண்டிய ஆசானைத்தான் தடுத்துவிட்டது. இதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் புதியதொன்றைக் கேட்கும்போது, அறியாமலே 'ஹராம்' என்று கதவைச் சாத்தும் பழக்கம் நமக்கு, குறிப்பாக என்னைப் போன்ற உஸ்தாதுகளுக்கு, இருக்கிறது.

அதன்பின் இக்கலையைப் பற்றி அறிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டேன். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் எந்திரம் மட்டும் ஏறத்தாழ 20 முதல் 35 கிலோ வரை இருக்கும். பறக்கும் வேகம் பெரும்பாலும் மணிக்கு 40, 50 கிலோமீட்டர். நடுவானில் எந்திரம் நின்றுவிட்டால் கல்லைப் போல விழுவோம் என்றே நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று, இறக்கை காற்று நிரம்பியே இருக்கும், மிதந்தபடி இறங்கலாம். ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. எந்திரத்தை முடுக்கும்போது கைக்கு, கடலுக்கு மேலே தாழப் பறந்தால் உயிருக்கு, ஏனெனில் எந்திரத்தோடும் வார்களோடும் தண்ணீரில் விழுந்தவர் விடுபடுவது எளிதன்று, பிறகு மின்கம்பிகள், எல்லாவற்றுக்கும் மேலாக, பறக்கக் கூடாத காற்றில் பறப்பது.

என்னை வியக்க வைத்தது புதியவருக்கு அளிக்கப்படும் பயிற்சியின் ஒழுங்குதான். முதல் சில நாள்கள் எந்திரத்தைத் தொடவே விடமாட்டார்கள். வெறும் இறக்கையை மட்டும் கொடுத்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, தரையில் கிடக்கும் துணியைத் தலைக்கு மேலே எழுப்பி, பட்டத்தைப் போல நிலையாக நிறுத்திப் பழகச் சொல்வார்கள். அது இடப்பக்கம் சாயும், வலப்பக்கம் சாயும், முகத்தின்மேல் வந்து விழும். மணிக்கணக்கில் வியர்த்து, துணியை மடித்து, மீண்டும் விரிக்க வேண்டும். பலர் இந்தக் கட்டத்திலேயே பொறுமை இழந்துவிடுகிறார்களாம். 'அலிஃப், பா'வின் மக்ரஜைத் திருத்துவதற்கு முன்பே யாஸீன் ஓதத் துடிக்கும் சிறுவர்களை நாள்தோறும் பார்க்கும் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

முதல் தடவை பறக்கும்போது பெரும்பாலும் மாணவர் தனியாகவே மேலே செல்கிறார். ஆசிரியர் தரையில் நிற்பார். அவருடைய குரல் மட்டும் வானொலிக் கருவி வழியே காதில் ஒலிக்கும். அந்தக் குரலுக்கு உடனே கட்டுப்படாத மாணவர் மேலே போகத் தகுதியற்றவர். இறங்கும்போது இரு பிரேக் கயிறுகளையும் இழுப்பதற்கென்று ஒரு கணம் உண்டு. தரை ஓர் ஆள் உயரத்துக்கு நெருங்கிய பிறகே அது வரும். பயந்துபோய் உயரத்திலேயே முழுதாக இழுத்துவிட்டால் இறக்கை பறப்பதை நிறுத்திவிடும். இதைக் காணொளி காட்டும். ஆனால் 'இப்போது' என்று காணொளி சொல்லாது.

பறக்க ஆசைப்பட்டது நம் சமுதாயத்தில் இந்தத் தலைமுறை மட்டுமன்று. குர்துபாவில் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறகு கட்டிப் பறக்க முயன்று, இறங்கும்போது முதுகில் அடிபட்டதாக அல்மக்கரீ எழுதுகிறார். பறவை வாலைக் கொண்டே இறங்குகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அவரை நாம் மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். அரபு அகராதியான 'அஸ்ஸிஹாஹ்'வைத் தொகுத்த இமாம் அல்ஜவ்ஹரீயின் முடிவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நைசாபூரில் கதவுப் பலகைகள் இரண்டை உடலில் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதித்து இறந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். அந்நாளில் அவர் மனம் கலங்கியிருந்ததாகவும் சொல்கிறார்கள். அகராதியின் பிற்பகுதி செம்மை செய்யப்படாமல் நின்றுபோயிற்று என்றும் பதிவு உண்டு. அந்நூலைப் புரட்டும்போதெல்லாம், இவரைப் பிடித்து நிறுத்த அந்த ஊரில் ஒருவரும் இல்லையா என்று எனக்குத் தோன்றும்.

அல்முல்க் அத்தியாயத்தில், சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைப் பார்க்குமாறு அல்லாஹ் அழைக்கிறான். பார்த்தவனுக்கு ஆசை வருவதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வேன்? அதே வேளையில், தடுப்பில்லாத மாடியில் உறங்குபவரின் பாதுகாப்புக்குப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி வருகிறது. மாடியில் உறங்குவது குற்றமன்று. தடுப்பின்றி உறங்குவதே குற்றம். பயிற்சியாளரும், தலைக்கவசமும், உபரிப் பாராசூட்டும், பரிசோதித்த எந்திரமும் இக்காலத்து மாடித் தடுப்புகள். இவை இல்லாமல் 'தவக்குல்' என்று சொல்பவரை நான் ஏற்கமாட்டேன்.

எனவே இன்று ஒருவர் கேட்டால் நான் கூடாது என்று சொல்வதில்லை. சில கேள்விகள் கேட்கிறேன். உங்களுக்குக் கடன் இருக்கிறதா? உங்களை நம்பி எத்தனை பேர்? உம்மாவிடமும் மனைவியிடமும் சொல்லிவிட்டீர்களா? யாரிடம் கற்கப்போகிறீர்கள், அவர் யாரிடம் கற்றார்? அரசின் அனுமதி உண்டா? அனுமதியின்றிப் பறப்பவருக்கு வரும் தொல்லை, நம் பெயர் தாங்கியவருக்கு இரண்டு மடங்காக வரும் என்பதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஹெல்மெட்டில் கேமரா பொருத்தும் ஆசையைப் பற்றியும் கேட்பேன். பயிலும் காலத்தில் கயிற்றின்மேல் இருக்க வேண்டிய கவனம் பார்ப்பவர்மேல் போய்விடுகிறது. அங்கே முகஸ்துதியும் ஆபத்தும் ஒன்றாகச் சேர்கின்றன.

கை ஆறிய பிறகு என் மாணவர் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அழுதுவிட்டு, ஓராண்டு பொறுக்குமாறு உம்மா கேட்டார், பொறுத்தார். பழைய எந்திரத்தை விற்றுவிட்டு, இந்தக் குளிர்காலத்தில் உரிமம் பெற்ற ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்திருக்கிறார். வெயில் ஏறினால் மணல் சூடாகிக் காற்று கொந்தளிக்கும் என்பதால் புதியவர்களுக்கு உரிய நேரம் சூரியன் உதித்ததும் வரும் ஓரிரு மணி நேரம். ஆகவே ஃபஜ்ர் தொழுத கையோடு புறப்பட்டுச் செல்கிறார். விரல் மடங்காததால் பிரேக் பிடியை அவருக்கேற்ப மாற்றிக் கட்டிக் கொடுத்திருக்கிறாராம் அந்த ஆசிரியர்.

சென்ற வாரம் காலைப் பாடம் தொடங்குமுன் அழைத்தார். முதல் தடவை பறக்க வேண்டிய நாள் அது. "ஹஜ்ரத், காற்று அதிகம். உஸ்தாத் வேண்டாம் என்றார். துணியை மடித்துவைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறேன்" என்றார். குரலில் ஏமாற்றம் இருந்தது. "நாளைக்கு?" என்று கேட்டேன். "நாளைக்கும் காற்றுதானாம்" என்றார்.