மண்வள அட்டையும் உரக் கொள்கையும்

2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் பிரதமர் மோடி மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் இரண்டு சுற்றுகளில் மட்டும் 22 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் வழங்கப்பட்டதாக ஒன்றிய அரசு கணக்குக் காட்டுகிறது. ஆனால், அட்டையில் எழுதப்பட்ட பரிந்துரை வயலில் உரமாக இறங்குகிறதா என்ற கேள்விக்கு இந்த எண்ணிக்கை விடையளிக்கவில்லை.

மண் பரிசோதனை உழவருக்குத் தேவையான அறிவியல், அதில் ஐயமில்லை. கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என 12 கூறுகளை அட்டை பதிவு செய்கிறது. துத்தநாகம் பற்றாக்குறையாக உள்ள நிலத்தில் எத்தனை மூட்டை யூரியா இட்டாலும் விளைச்சல் உயராது, செலவுதான் உயரும். வேளாண் வேதியியலாளர் லீபிக்கை மார்க்ஸ் ஊன்றிப் படித்ததும், மண்ணிலிருந்து எடுக்கப்படும் சத்து மண்ணுக்கே திரும்பாத நிலையை ‘மூலதனம்’ முதல் தொகுதியில் ஆராய்ந்ததும் தற்செயலல்ல.

குறை அறிவியலில் இல்லை; அது செயல்படுத்தப்படும் முறையில் இருக்கிறது. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என மாதிரிகள் எடுக்கப்பட்டன. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர் மட்டுமே. அதாவது, மானாவாரிப் பகுதியில் ஒரே மாதிரியின் முடிவு ஏறத்தாழ ஒன்பது உழவர்களின் அட்டைகளில் ஏறுகிறது. மேட்டு நிலமும் பள்ள நிலமும், எரு இட்ட நிலமும் இடாத நிலமும் ஒன்றாகிவிடுகின்றன. நிலப்பதிவேட்டில் பெயரில்லாத குத்தகை விவசாயிகளோ பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை.

இதைவிடப் பெரிய முரண்பாடு விலைக் கொள்கையில் உள்ளது. 1992 ஆகஸ்டில் தாராளமயத்தின் பெயரால் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் அறிமுகமான ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம், அந்த உரங்களின் விலையை நிர்ணயிக்கும் உரிமையை நிறுவனங்களிடமே விட்டது. யூரியா 45 கிலோ மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய். 50 கிலோ டிஏபி மூட்டையோ 1,350 ரூபாய். சமச்சீராக உரமிடுமாறு அட்டை அறிவுறுத்துகிறது. யூரியாவை மட்டும் வாங்குமாறு சந்தை நெருக்குகிறது. கடன் வாங்கிச் சாகுபடி செய்யும் சிறு விவசாயி எதற்குக் கட்டுப்படுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பின்னர், அவரையே ‘யூரியாவை அளவுக்கு மீறிக் கொட்டுகிறார்’ என்று குற்றம் சாட்டுவது நியாயமல்ல.

இந்த ஏற்றத்தாழ்வைக் காட்டி யூரியா விலையை உயர்த்த வேண்டும் என்ற குரல்களும் எழுகின்றன. அது தீர்வல்ல; சுமையை உழவர் தலையில் ஏற்றும் தந்திரம். மற்ற உரங்களையும் விலைக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவருவதும், பொதுத்துறை உர ஆலைகளை வலுப்படுத்துவதும், தொழுவுரம், பசுந்தாள் உரம் ஆகியவற்றுக்கு நேரடி உதவி அளிப்பதுமே உண்மையான மாற்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் நிரந்தர ஊழியர்களைக் கொண்ட அரசுப் பரிசோதனைக் கூடம் வேண்டும். குத்தகைதாரர் உட்படச் சாகுபடி செய்யும் ஒவ்வொருவரின் வயலிலிருந்தும் தனித்தனி மாதிரி எடுக்கப்பட வேண்டும். முடிவுகள் விதைப்புக்கு முன்பே கைக்கு வந்து சேர வேண்டும்.

விவசாயிகள் இயக்கத்துக்கும் இதில் கடமை உண்டு. அறுவடை முடிந்த வயலில், வரப்போரமும் மரநிழலும் எருக்குவியலும் தவிர்த்து, பல இடங்களில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணெடுத்துக் கலந்து, அரைக்கிலோவாகப் பகுத்து அனுப்பும் முறையைக் கிராமந்தோறும் கற்பிக்கலாம். கிடைத்த அட்டைகளை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டலாம். பரிந்துரைத்த உரம் கூட்டுறவுச் சங்கத்தில் உள்ளதா, என்ன விலைக்கு விற்கிறது என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை ஊரே சேர்ந்து கேட்கும்போது, மண்வள அட்டை உழவரின் கோரிக்கைப் பத்திரமாகவும் மாறும்.